கம்ப்யூட்டரில் காது குத்தியவன்

எங்கள் ஓனருக்கு மவுஸ் பிடிக்க வராது. கையில் எடுத்தால் பல்லியைத் தொட்டுவிட்டவர்போல உதறுவார். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், ஸ்கிரீனில் ஒரு முகம் அரை நூல் சாய்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "தம்பி, மாப்பிள்ளை கழுத்துச் சுளுக்கு வந்தவர் மாதிரி இருக்கார், நிமித்து" என்பார். நிமிர்த்தினால், "இப்பப் பொண்ணுக்குச் சுளுக்கு" என்பார்.

இது 2005ஆம் வருடத்துக் கதை. மேலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பக்கம் உரக்கடை, மறுபக்கம் பரோட்டாக் கடை, நடுவில் பத்துக்குப் பத்து அறை. வாசலில் ‘இங்கு பிளெக்ஸ் டிசைன் செய்து தரப்படும்’ என்று பெயின்டில் எழுதிய தகரப் பலகை. பிளெக்ஸ் கடைக்குப் பெயின்ட் போர்டா என்று சிரிக்காதீர்கள். ஓனர் முப்பது வருடமாகச் சுவரிலும் தகரத்திலும் எழுதிப் பிழைத்த ஓவியர். உள்ளங்கை அகல ஸ்டில்லைப் பார்த்து, கட்டம் போட்டு, சினிமா பேனரில் ஆளுயர மூக்கு வரைந்தவர். பிளெக்ஸ் வந்தது. தூரிகை காய ஆரம்பித்தது. மற்ற ஓவியர்கள் டீக்கடையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் வீட்டம்மாவின் வளையலை அடகு வைத்து ஒரு பழைய பென்டியம் 4 வாங்கிப் போட்டார். வாங்கியபின்தான் அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும் என்று உறைத்தது. அந்த ஆள் நான்.

ப்ளஸ் டூ லீவில் மூன்று மாதக் கோர்ஸில் போட்டோஷாப் கற்றிருந்தேன். அங்கே சொல்லித்தந்தது, சிவப்பு ஆப்பிளை நீல ஆப்பிளாக்குவது எப்படி என்பது. அதில் நான் கெட்டி. ஆனால் நான் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் மேலூரில் ஒருவர்கூட நீல ஆப்பிள் கேட்டு வரவில்லை.

முதல் நாள் வேலையே ஓனரின் கையெழுத்துதான். போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வலது கீழ் மூலையில், கடைசி எழுத்துக்கு நீளமாக வால் இழுத்து, தன் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்று சேர்ப்பார்கள். ஜவுளிக் கடை விளம்பரமோ, ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்ற எச்சரிக்கையோ, எதுவானாலும் கையெழுத்து உண்டு. "கையெழுத்து இல்லாத போர்டு அநாதைப் பொணம்டா" என்பார் ஓனர். பிளெக்ஸிலும் அது வேண்டுமாம். சார்ட் பேப்பரில் தூரிகையால் ஒரே இழுப்பில் போட்டுக் கொடுத்து, "இதைக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்திரு" என்றார்.

ஸ்கேன் செய்தேன். மேஜிக் வாண்டை வைத்து வெள்ளையைத் தட்டினால் வெள்ளை போகும் என்று படித்திருந்தேன். போனது, ஆனால் முழுதாகப் போகவில்லை. தூரிகை காகிதத்தில் கசிந்த ஓரமெல்லாம் வெளிறிய பிசிறாக நின்றது, சோப்பு அலசாத துணிபோல. அதை மறைக்க ஒரு டிராப் ஷேடோ போட்டேன். நிழல் போட்டபின் எழுத்து தட்டையாகத் தெரிந்ததால் பெவல் போட்டு உப்ப வைத்தேன். உப்பியது மங்கலாக இருந்தது. மஞ்சளில் அவுட்டர் குளோ. கடைசியாக, வால் முடியும் இடத்தில் ஒரு லென்ஸ் ஃப்ளேர். அந்தக் காலத்தில் போட்டோஷாப் புதிதாகக் கற்றவன் எவனும் லென்ஸ் ஃப்ளேர் போடாமல் தூங்கியதில்லை.

ஓனர் வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது யாரு கையெழுத்து?"

"உங்களுதுதாண்ணே."

"எதுக்கு அதுக்குச் சீரியல் செட்டு கட்டியிருக்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "நிழல் போடுறது பெருசில்ல. வெளிச்சம் எங்கிட்டு இருந்து வருதுன்னு பாக்கணும். உன் எழுத்துல இடப்பக்கம் இருந்து வருது. அந்தா, அந்தப் போட்டோவுல இருக்க பயலோட மூக்குல வலப்பக்கம் இருந்து வருது. மேலூருக்கு என்ன ரெண்டு சூரியனா?" போட்டோஷாப்பில் இதற்கென்றே ‘குளோபல் லைட்’ என்று ஒரு டிக் இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதை டிக் அடித்தால் எல்லா எழுத்தின் நிழலும் ஒரே பக்கம் விழும். எழுத்துக்குச் சரி. மூக்குக்கு அந்த டிக் கிடையாது.

இரண்டு நாளாகப் பூசியதை இரண்டு மணி நேரத்தில் உரித்தேன். பென் டூலால் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்து வெட்டியபின் வெறும் கறுப்புக் கையெழுத்து சுத்தமாக வந்து நின்றது. "இது என்னுது" என்றார் ஓனர். என் பெயரையும் பக்கத்தில் சின்னதாகப் போடலாமா என்று கேட்டேன். "ஒரு வருசம் போகட்டும்" என்றார். அதுவரை பொறுக்கிற வயதா எனக்கு? அன்றிலிருந்து ஒவ்வொரு பிளெக்ஸிலும் வாழை இலை நரம்பிலோ, பட்டுவேட்டிக் கரையிலோ என் பெயரின் முதலெழுத்தை அரை அங்குலத்தில் ஒளித்து வைத்தேன். அந்த வட்டாரத்தில் அப்போது அடித்த பிளெக்ஸ் எதிலாவது, அருவிக்குப் பக்கத்துப் பாறையில் காரணமில்லாமல் ஒரு எழுத்து தெரிந்தால், அது நான்தான்.

எங்கள் கம்ப்யூட்டரில் போட்டோஷாப் 7 திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். திறக்கிற நேரம் முழுக்க அதை உருவாக்கியவர்களின் பெயர்ப் பட்டியல் ஸ்கிரீனில் நிற்கும். தினமும் சகஸ்ரநாமம்போல வாசித்து எனக்கு மனப்பாடம். தாமஸ் நோல், ஜான் நோல் என்று போய்க்கொண்டிருக்கும் வெள்ளைக்காரப் பெயர்களுக்கு நடுவில் சீதாராமன் நாராயணன் என்று ஒரு பெயர் வரும். ஓனர் ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் அதைத் தொட்டுக் காட்டுவார். "பாத்தீங்களா, நம்மாளு. இவரு செஞ்சதுதான் இது." சில மாதத்தில் அந்தச் சீதாராமன் எங்கள் கடைக்கு மேற்பார்வையாளர்போல ஆகிவிட்டார். டெலிவரி தாமதமானால், "சீதாராமன் சார் இன்னும் திறக்கலைங்க" என்போம்.

அந்த நோல் சகோதரர்கள் கதை எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. தாமஸ் 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஆய்வேட்டை எழுத உட்கார்ந்தவர், எழுதாமல், மேக் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினார். தம்பி ஜான் சினிமா ஸ்பெஷல் எஃபெக்ட் கம்பெனியில் இருந்தவர்; அதை வளர்க்கச் சொல்லி உசுப்பினார். 1990இல் போட்டோஷாப் முதல் பதிப்பாக வெளிவந்தது. அதைப் பிறருக்குச் செய்துகாட்ட ஜான் பயன்படுத்திய படம் போரா போரா தீவில் எடுத்தது: கடற்கரையில் அவருடைய வருங்கால மனைவி கடலைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். புத்திசாலி மனிதர். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி யாரும் வந்து, "முகத்துக்குக் கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி" என்று கேட்க முடியாது.

எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கலர் ஏற்றுவது என்றால் கர்வ்ஸைத் திறந்து கோட்டை மேலே வளைப்பது. கொஞ்சம் வளைத்தால் முகம் தெளியும். வாடிக்கையாளர் திருப்தியாகிற அளவுக்கு வளைத்தால், முகத்தில் மூக்கு இருந்ததற்கான அடையாளமே போய், இரண்டு ஓட்டையும் ஒரு மீசையும் மிஞ்சும். ஓனருக்கு இதில் கோபம் வரும். "கறுப்புல பத்துக் கறுப்பு இருக்குய்யா. அம்புட்டையும் அழிச்சுட்டு மாவு பூசச் சொல்றியா?" என்று சண்டைக்குப் போவார். பிறகு வாடகை ஞாபகம் வந்து, என் பக்கம் திரும்பி, "கொஞ்சமா பூசு" என்பார். போதாததற்கு, ஸ்கிரீனில் தெரிகிற நிறம் வேறு, மெஷின் மையில் வருகிற நிறம் வேறு. நாங்கள் ரோஜா நிறத்தில் அனுப்பிய மாமியார் ஒருவர் கத்தரிக்காய் நிறத்தில் திரும்பி வந்தார்.

உயிரோடு இருக்கிறவர்கள் பரவாயில்லை. கண்ணீர் அஞ்சலிதான் கஷ்டம். எண்பது வயதில் போன தாத்தாவுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருக்கும். அதில் அவர் ஏற்கெனவே போய்விட்டவர் மாதிரிதான் இருப்பார். மேலே ஹோலோகிராம் மினுங்கும். குளோன் ஸ்டாம்பை எடுத்து, கன்னத்திலிருந்து தோலைக் கடன் வாங்கி நெற்றியில் பூசி, சட்டை போடாத உடம்புக்கு ரெடிமேட் டிசைன் படங்கள் இருந்த டிவிடியிலிருந்து ஒரு கோட்டை எடுத்து மாட்டிவிடுவேன். வாழ்நாளெல்லாம் துண்டோடு திரிந்த பல பெரியவர்களுக்கு முதல் கோட்டு தைத்துப் போட்டவன் நான்தான். டை கலரைப் பேரன்மார்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு அப்பத்தா படம் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற யாரோ அவர் தோளில் கை போட்டிருந்தார்கள். ஆளை வெட்டினேன், கையை வெட்டினேன், ராத்திரி பதினொரு மணி, கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பிளெக்ஸ் கட்டியபின் பார்த்தால் அப்பத்தாவின் தோளில் மூன்று விரல்கள் மட்டும் மிச்சம். உறவுக்காரர்கள் யாரும் எங்களைத் திட்டவில்லை. தாத்தா முன்னமே போனவராம். அது அவர் கைதான், கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று அழுதார்கள். ஓனர் அன்றைக்கு மட்டும், பிளெக்ஸில் கையெழுத்தே இல்லாமல் போயிருக்கலாம் என்றார்.

தமிழ் எழுத்து வேறு தனிக் கூத்து. அந்தப் பழைய போட்டோஷாப்பில் யூனிகோடில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், சாமி முன்னால் போக மாடு பின்னால் வருவதுபோல. அதனால் பாமினி எழுத்துரு. அது தமிழ் டைப்ரைட்டர் வழியில் போகும். ஆங்கிலக் கட்டைகளில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று தட்டினால் ‘தமிழ்’ என்று வரும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, பாமினி மேலே போட்டிருக்கும் வேஷம்தான் தமிழ். வேஷம் கலைந்தால் என்னாகும் என்பதை ஒரு கல்யாணத்தில் பார்த்தோம். எங்களிடம் பிரிண்டிங் மெஷின் கிடையாது. டிசைனை சிடியில் எழுதி மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், அங்கே அடித்து, சுருட்டி, மாலை பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். சிடி போனபின் முகூர்த்த நேரத்தை மாற்றவேண்டும் என்று பெண்வீட்டார் ஓடிவந்தார்கள். போன் போட்டு, "நீங்களே மாத்திருங்கண்ணே" என்றேன். அங்கே எழுத்தைத் தொட்டிருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை. நான் சோம்பேறித்தனமாகத் தலைப்பையும் நேரத்தையும் ஒரே கட்டத்தில் அடித்து வைத்திருந்தேன். ‘திருமண விழா’ இருக்கவேண்டிய இடத்தில் இரண்டடி உயர ஆங்கிலத்தில் ஜே, பி, யூ, கே, இசட் என்று பிரிண்டாகி வந்து மண்டப வாசலில் நின்றது. மாப்பிள்ளை படித்த காலேஜ் பெயர் என்று ஊரில் நம்பினார்கள். அப்புறம் எழுத்தை ராஸ்டரைஸ் செய்து படமாக மாற்றாமல் நான் எந்த சிடியும் எழுதியதில்லை.

கணக்கும் ஒன்று சொல்லவேண்டும். 10 அடிக்கு 8 அடி பிளெக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்து முழு அளவில் திறந்தால் அகலத்தில் 8,640, உயரத்தில் 6,912, ஆகக் கிட்டத்தட்ட 6 கோடிப் புள்ளிகள். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையே 6.24 கோடிதான். ஏறக்குறைய ஆளுக்கொரு புள்ளி. இத்தனையையும் தூக்கிச் சுமக்க எங்களிடம் இருந்தது 256 எம்பி ராம். ஒரு மாமாவை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால், அவர் கிளம்பிப் போய்ச் சேர நாலு நிமிடம் ஆகும். ‘ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்று ஒரு பெட்டி வரும். அது வந்தால் ஓனர் கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டுவார். கன்ட்ரோல் இசட் வேறு அந்தக் காலத்தில் ஒரே ஒரு தப்பைத்தான் மன்னிக்கும். ஒரு தடவை அழுத்தினால் தப்பு போகும். இன்னொரு தடவை அழுத்தினால் போன தப்பு திரும்பி வரும். எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்துகளும் அப்படித்தான் நடக்கும் என்பதால் எனக்குப் பழகப் பிரச்சினை இல்லை.

இப்போது காதுகுத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் காதணி விழா தாய்மாமனின் விழா. அவர் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். சீர்த்தட்டு அவர் வீட்டிலிருந்து மேளத்தோடு வரும். ஆகவே பிளெக்ஸில் அவர் தலை மற்ற தலைகளைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். அப்பா, பெரியப்பா, சித்தப்பா அதற்கடுத்த அளவு. கீழே ரயில் பெட்டி மாதிரி வரிசையாக ஸ்டாம்பு சைஸில் மாப்பிள்ளைகளும் நண்பர்களும். ஒரு தாய்மாமன் என்றால் கணக்குச் சுலபம். அந்த மாசி மாதம் வந்த குழந்தைக்கு இரண்டு தாய்மாமன்.

பெரிய மாமன் காலையில் தனியாக வந்து, எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, "நான் மூத்தவன், பாத்துச் செய்யப்பா" என்றார். சின்ன மாமன் மாலையில் தனியாக வந்து, நூறு ரூபாயைக் கீபோர்டுக்கு அடியில் சொருகி, "செலவு பூரா நம்மளதுதான், பாத்துச் செய்யி" என்றார். நான் இருவருக்கும் தலையாட்டினேன். நடுவில் குழந்தையின் அம்மா வந்து, தங்கச்சி போலப் பேசி, ஒரு சின்ன வேலை சொல்லிவிட்டுப் போனார்: "புள்ள காது மூளியா இருக்கு தம்பி, போட்டோவுல மட்டும் ஒரு ஜிமிக்கி போட்டுவிடுங்க, பாக்க அழகா இருக்கும்." ஜிமிக்கிதானே. டிவிடியில் நூறு இருந்தது. இரண்டை எடுத்து மாட்டினேன். ஒரு முத்து ஆடுவதுபோலக்கூடச் செய்தேன்.

கஷ்டமெல்லாம் மாமன்களிடம்தான். இரண்டு தலையையும் கைடு லைன் போட்டு ஒரே உயரத்துக்கு இழுத்தேன். பெரியவருக்கு முன்வழுக்கை. சின்னவருக்குப் புறா கூடு கட்டுகிற அளவுக்கு முடி. தாடையிலிருந்து உச்சிவரை சமமாக வைத்தால் பெரியவர் முகம் பூசணிக்காயாகத் தெரிகிறது. புருவத்தைச் சமமாக வைத்தால் சின்னவரின் முடி அவர் நெற்றிக்கு மேலே ஒரு மாடி கட்டி நிற்கிறது. பெரியவரை முன்னால் நிறுத்தினால் அவர் தோள் சின்னவர் மீசையை மறைக்கிறது. லேயர்களை மேலும் கீழும் நாலு தடவை மாற்றினேன். லேயர் என்ற வசதியே 1994இல் 3ஆம் பதிப்பில்தான் வந்ததாம். அதற்கு முன்னால் படத்தை ஒட்டினால் ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. அந்தக் காலத்தில் மிச்சிகனில் யாருக்கும் இரண்டு தாய்மாமன் இல்லை என்று நினைக்கிறேன்.

பின்னாலிருந்து ஓனர் சொன்னார்: "பெரியவருக்குத் தலப்பா கட்டு."

டிவிடியில் இருந்தது ராஜஸ்தான் தலைப்பாகை. செந்தூர நிறம், பின்னால் வால். நிறத்தை வெளுத்து, வாலை வெட்டி, பெரியவர் தலையில் இறக்கினேன். இருவரும் ஒரே உயரம். இருவருமே கம்பீரம். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. ஓனர் கேட்டுவிட்டு, பெயின்ட் டப்பாக்கள் இருந்த பழைய சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏறு" என்றார். டிவிஎஸ் 50இல் ஊர்போய்ச் சேர்ந்தபோது பிளெக்ஸுக்கு முன்னால் ஏணி. ஏணியில் பெரிய மாமன். கையில் ஊர் டெய்லரின் இஞ்ச் டேப்.

"இருபத்தேழே கால்!" என்று தன் தலையை அளந்து கீழே சத்தம் போட்டார். டேப்பை நகர்த்தித் தம்பியின் தலையை அளந்தார். "இருபத்தேழே முக்கா!"

அரை இஞ்ச். கம்ப்யூட்டரில் இரண்டும் சமம் என்று நான் சத்தியம் செய்தேன். மரச்சட்டத்தில் ஆணி அடித்தவர் அந்தப் பக்கத்தை இழுத்துக் கட்டியிருக்கிறார், துணி நீண்டிருக்கிறது என்றேன். ஆணி அடித்தவர் குழந்தையின் சித்தப்பா. அது எனக்குத் தெரியாது. "அப்ப எங்க வீட்டு ஆளு வேணும்னே இழுத்தாருங்கிறியா?" என்று மூன்றாவதாக ஒரு தரப்பு உருவானது.

இந்தச் சத்தத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி எழுந்து வந்து பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். கையைப் புருவத்தில் வைத்து மறுபடி பார்த்தார். "ஏத்தா, புள்ளைக்குத்தேன் ஏற்கெனவே காது குத்தி ஜிமிக்கியே போட்டாச்சே. பொறகு எதுக்கு மொய்யி?"

ஊர் அமைதியானது. மொய் நோட்டு எழுத உட்கார்ந்திருந்தவர் பேனாவை மூடினார். கறிச்சோற்றுப் பந்தியில் இருந்து இரண்டு பேர் கையைக் கழுவாமலே எழுந்து வந்து பார்த்தார்கள். மொய் என்பது எங்கள் பக்கம் வட்டி இல்லாத கடன். போட்டவர் தன் வீட்டு விசேஷத்தில் திரும்ப வாங்குவார். குத்தின காதுக்கு மறுபடி குத்து என்று கூப்பிட்டால் அது மோசடி வழக்கு. "எங்களுக்கே காது குத்துறீகளாய்யா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டது, அந்தச் சொல்வழக்கு தமிழில் பிறந்த நாளிலிருந்து அவ்வளவு பொருத்தமாக யாரும் கேட்டிருக்க முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமாகக் காதைக் காட்டினார்கள். நாலைந்து பேர் தடவியே பார்த்தார்கள். அது வீறிட்டது. காது குத்தும்போதுகூட அது அவ்வளவு அழவில்லை.

அரை இஞ்ச் பகை அந்த நிமிடமே போய், இரண்டு மாமன்களும் தோளோடு தோள் நின்று என்னைப் பார்த்தார்கள். நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையை நீட்டி, இல்லாத கீபோர்டில் கன்ட்ரோல் இசட் தேடினேன்.

ஓனர் அதற்குள் சாக்கைப் பிரித்திருந்தார். எனாமல் டப்பா நாலு: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு. தகர மூடியைக் கவிழ்த்து, அதில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். குழந்தையைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, கன்னத்தைப் பார்த்தார். ஒரு துளி மஞ்சள் சேர்த்தார். மறுபடி பார்த்தார். கறுப்பில் தூரிகையின் ஒரு மயிரை மட்டும் தொட்டுக் கலக்கினார். ஏணியில் ஏறினார். இடது ஜிமிக்கி நாலு இழுப்பில் மறைந்தது. வலது ஜிமிக்கி ஐந்து. காது மடலுக்கு அடியில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மெல்லிய நிழல் ஒன்று வைத்தார். கீழேயிருந்து பார்த்தால் அந்தக் காதில் எதுவும் எப்போதும் இருந்ததாகத் தெரியவில்லை. கர்சர் இல்லை, பெட்டி இல்லை, ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பவில்லை. மொத்தம் பத்து நிமிடம்.

இறங்குகிற வழியில் ஏணியை அரையடி நகர்த்தச் சொன்னார். வெள்ளையைத் தொட்டு, பெரிய மாமனின் தலைப்பாகைக்கு மேலே அரை இஞ்ச் ஏற்றினார். பெரியவர் டேப்பை விரித்தார், தலையாட்டினார், மடித்துப் பையில் வைத்தார். மொய்க்காரர் பேனாவைத் திறந்தார்.

"இந்தா" என்று ஓனர் தூரிகையை என்னிடம் நீட்டினார். "மூலையில உன் பேரைப் போடு."

"ஒரு வருசம் ஆகலையேண்ணே."

"தப்புப் பண்ணினவன் பேரு தெரிய வேணாமா? போடு."

நான் அதுவரை தூரிகையைத் தொட்டதில்லை. பிளெக்ஸ் வழுக்கியது. கை நடுங்கியது. மூன்றெழுத்துப் பெயர் மூன்று மண்புழு ஊர்ந்துபோனதுபோல வந்தது. கடைசியில் வால் இழுக்கப் பார்த்தேன், அது பாதியில் குளமாகச் சொட்டியது.

அதற்கப்புறம் நான் கல்லூரிக்குப் போனேன், சென்னைக்குப் போனேன். ஓனரோடு போனில் பேசுவது உண்டு. 2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்கள் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தொழில் என்னாகும் என்று பதறிக்கொண்டு கூப்பிட்டேன். "நல்லதுதான்டா" என்றார். "செத்தவன் எவனும் டேப் எடுத்துக்கிட்டு ஏணியில ஏற மாட்டான்ல." 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு இளம்பெண் உயிர் போனபோது அவரே கூப்பிட்டார். அன்று சிரிக்கவில்லை. நடுரோட்டில் நிறுத்துகிறோம் என்று சொல்லி வருகிற ஆர்டரை இனிமேல் எடுப்பதில்லை என்றார். எடுக்கவும் இல்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊர்ப் பக்கம் போனேன். பெரிய மாமன் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். முழுத் தலையும் இப்போது வழுக்கை. "வாய்யா டிசைனரு" என்று கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனார். கூரையில், மழை ஒழுகாமல் இருக்க, அந்தப் பிளெக்ஸ். வெயில் மெஷின் மையை முழுக்கத் தின்றிருந்தது. நாற்பத்து மூன்று உறவுக்காரர்களும் வெள்ளைத் துணியில் நீலப் புகையாகக் கரைந்திருந்தார்கள். நான் பாறைக்குள் ஒளித்த எழுத்தைத் தேடினேன்; பாறையே இல்லை. மிஞ்சியிருந்தது எனாமல்தான்: அந்தரத்தில் இரண்டு மாநிறக் காது மடல், கொஞ்சம் தள்ளி அரை இஞ்ச் வெள்ளைக் கோடு, மூலையில் மூன்று மண்புழு.

பெரிய மாமன் ஒரு கிடாயை ஒதுக்கிவிட்டு, கம்பை உயர்த்தி அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்தியா, நம்ம தலப்பா அப்படியே இருக்கு. அவன் முடி ஒண்ணையாச்சும் காட்டு பாப்போம்."